தோண்டிய குழியை மூடுவோம்

சென்ற கிழமை இப்பக்கத்தில் நமது பத்தி இடம்பெறவில்லை. சுகவீனமோ என வினவி வாசகர்கள் சிலர் தொலைபேசி எடுத்திருந்தனர். அவர்தம் அன்புக்கு முதற்கண் நன்றி. சுகவீனம் எதுவுமில்லை. நாம் பொன் தேடப் போயிருந்தோம்.

சிரிக்க வேண்டாம். மெய்யாகவே, ஒரு கரவன் வண்டியில் மூன்று நாள்கள் தங்கி, விக்டோரியா மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள காடுகளில் மண்ணைக் கிண்டிப் பொன் தேடித் திரும்பியிருக்கிறோம். இந்நாட்டில் இளைப்பாறிய முதியோர் பலருக்கு இது விருப்பமான பொழுதுபோக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கரவனைக் காரின் பின்னே கொழுவிக்கொண்டு மாதக்கணக்காகத் திரிவார்கள். 'நரைத்த நாடோடிகள்' என்று தம்மைத் தாமே கேலியாக அழைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கரவன் பயணம் என்பதை நாம் நெடுங்காலம் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரும் வீட்டை விட்டு வெளியேறிய வேளை, கொட்டும் மழையில் அவர்களோடு நாமும் நடந்தோம். அன்று ஒவ்வொரு சைக்கிளும் ஒரு வீடாகத்தான் இருந்தது. பின்கரியரில் பாயும் தலையணையும், கைபிடியில் குடமும் லாம்பும், நடுவில் ஒரு கிழவியோ குழந்தையோ. அப்படி வீட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களுக்கு, நல்ல வீடு இருக்கையில் இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு திரிவது விளையாட்டாகத் தோன்றாது. ஆகையால் எவர் அழைத்தும் நாம் போனதில்லை. இம்முறை அழைத்தவர் நமது பழைய மாணவர். அவருக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

*

வன்னியில் நாம் படிப்பித்த காலத்தில் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பையன் அவர். இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். 2012இல் படகில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது பளையில் மனைவியையும், 2009இல் முகாமிலே பிறந்த மகளையும் விட்டு வந்தார். படகுக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பங்கு மனைவியின் தாலிக்கொடி. ஒன்பது பவுண்.

படகில் வந்தோரின் கதை நமது வாசகர்கள் அறியாததன்று. நெடுநாள் காத்திருப்பின் பின், 2017இல் அவருக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு விசா கிடைத்தது. பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள பிராந்தியங்களில் வேலை செய்வோருக்கு அல்லது படிப்போருக்கு வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்க வழி திறக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு வகுக்கப்பட்ட விசா அது. எனவே பெண்டிகோ பக்கம் போய் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த விசாவில் உழைக்கலாம், வரி கட்டலாம். மனைவி பிள்ளையை அழைக்க முடியாது.

அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார முதியவர். புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். மனைவியை இழந்து தனித்திருந்தார். அவருடைய கரவனின் அலுமாரியில் இன்றும் இரண்டு கோப்பைகள் அருகருகே கொழுவியிருக்கின்றன. வேலியோரம் பேச்சுக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது மாணவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், தமது பழைய கருவியைக் கையிற் கொடுத்துப் பொன் தேடப் பழக்கியவர் அவரே.

"சேர், ஒருக்கா வந்து பாருங்கோ. பாலையும் வீரையும் இல்லையே தவிர, காட்டின்ர அமைதி எங்கட காட்டு அமைதிதான்" என்றார் மாணவர். போனோம்.

கரவனைக் கொழுவுவது மாட்டை வண்டியிற் பூட்டுவது போன்ற வேலை என்பதை முதல்நாட் காலையிலே கண்டோம். அவசரப்படக் கூடாது. கொளுக்கியை இறுக்கி, காப்புச் சங்கிலியை மாட்டி, முன்சில்லை உயர்த்தி, பின்விளக்குகள் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னே நின்று பார்க்க வேண்டும். பாரத்தை வண்டியின் பிற்பகுதியில் ஏற்றினால் ஓடும்போது வால் ஆடும். வால் ஆடினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே தண்ணீர்க் கலன், அரிசி மூட்டை, ஆயுதங்கள் யாவும் சில்லுக்கு மேலேயே இருக்க வேண்டும். இவையெல்லாம் அந்த முதியவர் நமக்குப் படிப்பித்த பாடங்கள். ஆசிரியராக இருந்தவருக்கு மாணவராக இருப்பதும் ஓர் இன்பமே.

*

பெண்டிகோவிலிருந்து மேற்கே டனோலி என்னும் சிற்றூரை நோக்கிப் போகும் வழி நெடுகப் பொன்னின் பழங்கதை. 1851இல் விக்டோரியாவிற் பொன் அகப்பட்டது. முதலில் கிளூன்ஸ், பின்னர் பல்லராட், பெண்டிகோ என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி பரவ, உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கப்பலேறி வந்தனர். டனோலிக்கு அண்மையிலுள்ள மொலியாகுல் என்ற இடத்தில் 1869 பெப்ரவரி 5ஆம் நாள், ஜோன் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவர் ஒரு மரத்தின் வேரடியில், மேல்மண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே, ஏறத்தாழ 72 கிலோ எடையுள்ள பொற்கட்டி ஒன்றைக் கண்டெடுத்தனர். உலகில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட ஆற்றுப்படிவுப் பொற்கட்டிகளுள் மிகப் பெரியது அதுவே. அதை நிறுக்கும் தராசு டனோலியில் இருக்கவில்லை. கொல்லனின் பட்டடையில் வைத்து உடைத்துத் துண்டு துண்டாக நிறுத்தார்கள்.

அது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1980இல், அங்கிருந்து அதிக தூரமில்லாத கிங்கோவர் என்னும் ஊரில், கெவின் ஹிலியர் என்பவர் உலோகங் காட்டும் கருவியோடு நடந்து 27 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு கட்டியை எடுத்தார். அது பத்து லட்சம் டொலருக்கு மேல் விலைபோய், அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகை ஒன்றிற் காட்சிப்பொருளாயிற்று. இன்றும் கரவனை இழுத்துக்கொண்டு வருவோர் அனைவருடைய நெஞ்சின் ஒரு மூலையிலும் அந்தக் கட்டி கிடக்கிறது. அவர்களிற் பெரும்பாலோருக்கு அகப்படுவது ஆணியும் போத்தல் மூடியுமே.

பொன் தேட இம்மாநிலத்தில் ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் பெயரைத் தமிழில் 'சுரங்கத் தொழிலாளர் உரிமை' எனலாம். அந்த 'உரிமை' என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்திற் பொன் தோண்டுவோர் ஒவ்வொருவரும், பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதம் 30 ஷில்லிங் கட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. வாக்குரிமையும் இல்லை. 1854 டிசம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில், பல்லராட்டின் யுரேக்கா என்னுமிடத்தில் அரண் அமைத்து எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது படையினர் பாய்ந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அந்த வரி ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண் கட்டணத்தில், வாக்குரிமையும் சேர்ந்த புதிய சீட்டு வந்தது. அதற்கு இடப்பட்ட பெயரே 'உரிமை'.

இன்று அது சிறு தொகைக்குக் கிடைக்கிறது. பத்தாண்டுகள் செல்லுபடியாகும். பிரசையா, பிறநாட்டவரா என்ற கேள்வி அதில் இல்லை. 2018இல் நமது மாணவர் அதை வாங்கினார். பொலித்தீன் உறையிலிட்டுப் பணப்பையில் வைத்திருக்கிறார். காட்டில் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து அதை எமக்கு எடுத்துக் காட்டியபோது அவர் சொன்னார்: "சேர், அப்ப என்ர விசா அஞ்சு வருசம். இது பத்து வருசம். இந்த நாட்டில என்ர பேரில 'உரிமை' எண்டு எழுதித் தந்த முதல் கடதாசி இதுதான்."

கடைசி வாங்கில் இருந்த பையன், நாம் குடியியல் பாடத்தில் விளக்கத் தவறிய ஒன்றை விளக்கிவிட்டான் என்று எண்ணிக்கொண்டோம்.

*

எல்லோருக்கும் உரிமை என்று எழுதியவர்கள் எல்லோரையும் எண்ணி எழுதவில்லை. அதே 1855ஆம் ஆண்டிலேயே விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவர்மீதும் பத்துப் பவுண் தலைவரி விதித்தது. தென்சீனத்துக் கிராமங்களிலிருந்து கடன்பட்டு வந்த ஏழை உழவர்களுக்கு அது தாங்க முடியாத தொகை. என்ன செய்தார்கள்? வரியில்லாத அடுத்த குடியேற்றமாகிய தென் அவுஸ்திரேலியாவின் ரோப் என்னும் சிறு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகக் கடந்து பொன்வயல்களை அடைந்தார்கள். காவுதடியின் இரு முனையிலும் உடைமைகளைக் கட்டித் தோளிலிட்டு, ஒருவர்பின் ஒருவராக, கிழமைக்கணக்காக நடந்தார்கள். அக்காலத்தில் அத்துறைமுகத்தில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம் வழியிலே பொன்னைக் கண்ட இடத்திலேதான் அராராட் என்னும் நகரம் பெருகியது.

நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி தேடுவதும், கடன்காசில் புறப்படுவதும், முதல் உழைப்பு வீட்டுக்கும் கடன்காரனுக்கும் போவதும் நமக்குப் புதியனவல்ல. எத்தனை நாடுகளின் விமான நிலையங்களையும், எத்தனை காடுகளையும் கடல்களையும் சுற்றி நமது பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்னுமொரு மக்களைக் கூறாமல் விடுவது அறமாகாது. அந்த மண் ஜா ஜா வுரங் என்னும் ஆதிக்குடிகளின் மண். பொன் வந்த வேகத்தில் அவர்களின் நீர்நிலைகள் கலங்கின, காடுகள் வெட்டுண்டன, மக்கள் துரத்தப்பட்டனர். 2013ஆம் ஆண்டில் விக்டோரியா அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்து, அந்நிலத்தின் மரபுரிமையாளர்கள் அவர்களே என ஏற்றுக்கொண்டது. கிண்டிப் புரட்டப்பட்ட தங்கள் நிலத்தை அவர்கள் 'தலைகீழான நாடு' என்கிறார்கள். கீழ்மண் மேலும் மேல்மண் கீழுமாகக் குவிந்து, நூற்றெழுபது ஆண்டுகளாகியும் புல் செழிக்காத மேடுகளைக் கண்ணாற் கண்டபோது, அது உவமை அன்று, உள்ளதை உள்ளபடி சொன்ன சொல் என்பது விளங்கியது.

*

இரண்டாம் நாள் காலை பெரும் உறைபனி. குளிர்காலமே பொன் தேட உகந்தது. பாம்புகள் உறங்கும், மண் ஈரமாக இருக்கும். பட்டை கறுத்த இரும்புமரங்களுக்கிடையே வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. ஆங்காங்கே பழைய குழிகள். வட்டமான ஒரு பள்ளத்தைக் காட்டி, அது என்னவென்று தெரிகிறதா என்று முதியவர் கேட்டார். எமக்கு உடனே தெரிந்தது. நமது ஊர்ச் செக்கடி! நடுவில் தூண் நட்டு, குதிரையைச் சுற்றி நடக்கவிட்டுக் களிமண்ணைத் தண்ணீரிற் கரைத்துப் பொன்னைப் பிரித்த இடமாம். நம்மூரில் மாடு சுற்றியது எண்ணெய்க்கு, இங்கே குதிரை சுற்றியது பொன்னுக்கு.

ஓடைக்கரையில் முதியவர் பொன் அரிக்கும் தட்டைக் கையில் தந்ததும் நமக்கு இன்னுமொரு வியப்பு. அதன் உட்புறத்தில் வரிவரியாக விளிம்புகள். நமது வீட்டு அரிக்கன் சட்டியேதான். அம்மா அரிசியைத் தண்ணீரோடு அலசி அலசி ஊற்ற, அரிசி வெளியே போக, கல் வரிகளில் தங்கிவிடும். இங்கே மணல் வெளியே போக, பாரமான பொன் தங்கிவிடும். அங்கே தங்குவதை எறிவோம், இங்கே தங்குவதை எடுப்போம். வேறுபாடு அவ்வளவே. நாம் அரித்ததில் தங்கியது கறுப்பு மணல் மாத்திரம்.

மின்கருவியால் தேடும் முறையையும் சொல்லவேண்டும். நீண்ட தடியின் நுனியில் தட்டையான வட்டச் சுருள். காதிலே ஒலிவாங்கிக் கேட்கும் கருவி. சுருளை நிலத்தோடு ஒட்டினாற்போல மெல்ல மெல்ல வீச வேண்டும். அம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி. ஆதலால் மண்ணே முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலுக்குள் தனித்து எழும் ஒரு மெல்லிய ஏற்ற இறக்கத்தைக் காது பிரித்தறிய வேண்டும். ஒலி வந்தால் சிறு மண்வெட்டியாற் கிண்டி, முதலிற் காந்தத்தால் இரும்பை நீக்க வேண்டும். பின்பு மண்ணை இரண்டு பங்காக்கி, எப்பங்கில் ஒலி உண்டு என்று சுருளிற் காட்டிப் பார்த்து, ஒலியில்லாத பங்கை எறிந்து, மிகுந்ததை மறுபடி இரண்டாக்க வேண்டும். கடைசியிற் கையில் ஒரு சிட்டிகை மண் எஞ்சும். அதற்குள் இருக்கும், பொன்னோ, ஈயக்குண்டோ.

நமக்கு அன்று அகப்பட்டவற்றின் பட்டியல்: குதிரை லாட ஆணி ஏழு, ஈயக்குண்டு மூன்று, போத்தல் மூடி நான்கு. இவற்றோடு பித்தளையாலான ஒரு தையல் விரலுறை. யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு கூடாரத்தில், கிழிந்த சட்டையைத் தைத்திருக்கிறாள். முதியவர் அதைச் சற்றுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். அகப்பட்ட குழியிலேயே வைத்து மூடினோம்.

பிற்பகல் மூன்று மணியளவில் நமது மாணவர் கையை உயர்த்தினார். சத்தமிட்டுக் கூப்பிடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தோம். விரல்நுனியில், துவரம்பருப்பின் பாதியளவில், சேறு பூசிய ஒரு மஞ்சட் பொட்டு. தண்ணீர் விட்டுக் கழுவியதும் வாட்டில் பூவின் நிறத்தைத் தோற்கடித்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் கறுக்காத பொருளைக் கண்ணெதிரே காணும்போது, மனிதர்கள் ஏன் பித்தானார்கள் என்பது சற்றே புரிகிறது.

கரவனுக்குத் திரும்பிச் சிறு மின்தராசில் நிறுத்தோம். 0.8 கிராம். பவுணில் பத்திலொரு பங்கு.

பவுண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நமது பெண்களின் தாலிக்கொடியை நாம் அளக்கும் 'பவுண்', ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு பவுண் பெறுமதியுடையதாக வழங்கிய பொற்காசின் எடை. எட்டுக் கிராமுக்கு மயிரிழை குறைவு. 1872 முதல் மெல்பேர்ண் நாணயசாலையிலும் அக்காசு அடிக்கப்பட்டது. பேரரசு எங்கும் அது நடமாடியது. நமது பூட்டியர் கழுத்தில் மின்னிய கொடியொன்றில் இந்தக் காட்டுப் பொன்னும் ஒரு துளி கலந்திருந்ததோ, யார் கண்டார்?

இந்த ஏழாண்டுகளில் மாணவர் சேர்த்தது அன்றைய துணுக்கோடு 42 கிராம். ஐந்து பவுணும் கொஞ்சமும். சிறு மருந்துப் போத்தல் ஒன்றில் தண்ணீருக்குள் வைத்திருக்கிறார். நாம் கணக்குப் பார்த்தோம். பெற்றோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவைக் கூட்டினால் நட்டமே.

"தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மேலதிக வேலை செய்திருந்தால் எப்போதோ ஒரு கொடி வாங்கியிருக்கலாமே?"

"தெரியும் சேர். ஆனால் அவள் கழட்டித் தந்த கொடியைக் கடையில குடுத்துக் காசாக்கினவன் நான். காசாப் போனதைக் காசால மீட்டால் அது வேற ஒரு கொடியாத்தான் இருக்கும் எண்டு மனம் சொல்லுது."

*

இரவு ஏழரை மணி. அவ்வூர்க் கரவன் தரிப்பிடத்தில் மின்னிணைப்பு உண்டு, தொலைபேசி அலையும் உண்டு. சோறும் மீன்ரின் குழம்பும் அடுப்பில் இருக்க, மாணவர் பளைக்கு அழைப்பெடுத்தார். அங்கே பிற்பகல் மூன்று மணி. வேலையால் வந்து முகங் கழுவிக்கொண்டிருந்தார் மனைவி. அருகே தாயின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட மகள்.

அந்தப் பெண் என்ன வேலை செய்கிறார் என்பதை நாம் அதுவரை அறிந்திருக்கவில்லை. அவர் முகமாலையில் மிதிவெடி அகற்றும் பணியாளர்.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அம்மண் முற்றாகத் துப்புரவாகவில்லை. ஆண்டுக்கணக்காக முன்னரங்காக இருந்த அத்தென்னந்தோப்புகளில் இருதரப்பும் அடுக்கடுக்காகப் புதைத்தவை அவை. அவற்றை அகற்றும் பணியில் நமது பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். குடும்பத்தை ஒற்றையாய்ச் சுமப்பவர்களே அவர்களிற் பலர். விடியமுன் எழும்பிப் போய், கனத்த கவசமும் முகக்கண்ணாடியும் அணிந்து, மண்டியிட்டு, ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் அங்குலம் அங்குலமாக முன்னேற வேண்டும். அவருடைய கையிலும் உலோகங் காட்டும் கருவி ஒன்று. இதே அவுஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரில் தோன்றிய ஒரு நிறுவனம், பொன் தேடுவோருக்கும் கண்ணிவெடி தேடுவோருக்கும் கருவி செய்கிறது என்பதை நாம் முன்னர் படித்திருந்தோம். படித்தது வேறு. ஒரு வீட்டின் கணவனும் மனைவியும் கடலின் இரு கரைகளிலும் நின்று அதே ஒலிக்குக் காதுகொடுக்கிறார்கள் என்பதைக் கண்ணெதிரே காண்பது வேறு.

மாணவர் போத்தலைத் தொலைபேசிக்கு முன்னே பிடித்துக் குலுக்கிக் காட்டினார். மனைவி சிரித்தார். பின்பு எம்மைப் பார்த்துச் சொன்னார்:

"சேர், இவர் சத்தம் கேட்டால் சந்தோசப்படுறார். எனக்குச் சத்தம் கேக்காட்டித்தான் சந்தோசம்."

எமக்கு மறுமொழி வரவில்லை. முப்பது ஆண்டு கரும்பலகை முன் நின்று பேசிய வாய் அது.

"கொடியைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை சேர். ஆள் வந்து சேர்ந்தால் காணும், இல்லாட்டி எங்களைக் கூப்பிட்டால் காணும். ஒண்டு மட்டும் கேளுங்கோ. தோண்டுற குழியை மூடுறாரோ? இங்க மூடாத குழியளுக்க மாடு விழுந்து கிடக்குது. நாங்கள் ஒரு பிடி மண் எடுத்தாலும் திருப்பிப் போட்டு மட்டமாக்கித்தான் காணிக்காரரிட்டக் குடுக்கிறது. அவை அதில தென்னை வைக்கவேணுமெல்லோ?"

"மூடுறனப்பா, எல்லாம் மூடுறன்" என்றார் மாணவர்.

2023 பெப்ரவரியில் இந்நாட்டு அரசு, தற்காலிக விசாவில் இருந்தோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என அறிவித்ததை வாசகர்கள் அறிவீர்கள். மாணவருக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. மனைவி, மகளுக்கான விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. எப்போது முடிவு வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதுவரை இவர் இங்கே கிண்டுவார், அவர் அங்கே கிண்டுவார்.

*

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குளிர் ஒரு காரணம். மற்றது, நாம் ஒரு குழியை மூடாமல் வந்திருந்தோம்.

போத்தல் மூடி ஒன்றை எடுத்த குழி. மாணவர் கையை உயர்த்தியதும், பொன்னைப் பார்க்கும் ஆவலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்தோமே தவிர, குழியை மறந்துவிட்டோம். ஆழம் ஒரு முழம்கூட இருக்காது. தோண்டிய நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது அந்த 'உரிமை'ச் சீட்டுடன் வரும் நிபந்தனை. நாம் சட்டத்துக்கு அஞ்சவில்லை. பளையிலிருந்து கேட்ட கேள்விக்கே அஞ்சினோம். அக்கேள்வி மாணவருக்கு விடுக்கப்பட்டது. குற்றவாளியோ அவருடைய ஆசிரியர்.

காலையில் உண்மையை ஒப்புக்கொண்டோம். முதியவர் கோபிக்கவில்லை. கரவனை ஏற்கெனவே கொழுவியிருந்தார். ஒன்றும் பேசாமல் மறுபடி கழற்றினார். கழற்றுவதும் கொழுவுவதுமாக அரைமணி நேர வேலை அது. காரிற் பதினொரு கிலோமீற்றர் திரும்பிப் போனோம். காட்டில் எல்லா மரமும் ஒன்றுபோலத் தோன்றின. முக்கால் மணிநேரம் தேடிய பின்பு மாணவரே கண்டுபிடித்தார். குழியின் அடியில் இரவு தேங்கிய ஈரம் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. பக்கத்திற் கிடந்த மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, சருகுகளை மேலே பரவினோம். மூன்று நிமிட வேலை.

மூவரும் சிறிது நேரம் அவ்விடத்தில் நின்றோம். அந்நிலம் எங்கள் மூவரில் எவருடையதும் அன்று. முதியவருடைய பாட்டனார் பொன்னுக்காகக் கப்பலேறி வந்தவர். மாணவர் உயிருக்காகப் படகேறி வந்தவர். நாமும் அப்படியே. உடையவர்கள் வேறு. அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்நாட்டிலே நமக்கு இடந் தந்த மண்ணிடமிருந்து நாம் வேலையும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் பெற்றுக்கொள்கிறோம். அதிற் குற்றமில்லை. கிண்டாமல் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் கிண்டிய இடத்தை எப்படி விட்டு வருகிறோம் என்று கேட்க ஒருவர் வேண்டும். எமக்கு அதைக் கேட்டவர், காலை நான்கு மணிக்கு எழும்பி, நமது ஊர் மண்ணை நமது பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்காக அங்குலம் அங்குலமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்.

அவருக்கு விரைவில் விசா கிடைக்க வேண்டும் என்று வாசகர்களும் நம்மோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள். போத்தலுக்குள் இன்னும் நான்கு பவுண் வரை குறைகிறது. அதைப்பற்றி அவர் கவலைப்படமாட்டார்.